தொலைபேசிக்குக் காத்திருந்த வீடு

கணினித்துறைப் பெரியோரின் வாழ்க்கை வரலாறுகள் பலவும் ஒரு சிறுவனையும் ஒரு கணினியையும் வைத்தே தொடங்குகின்றன. சியாட்டில் நகரின் லேக்சைட் பள்ளியில் 1968-இல் கணினி முனையத்தின் முன் அமர்ந்தபோது பில் கேட்ஸுக்கு வயது 13. நம் பக்கத்துக் கதைக்கு இந்த இலக்கணம் பொருந்துவதில்லை.

1972-இல், தேனி இன்னும் மதுரை மாவட்டத்துக்குள் இருந்த காலத்தில், மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர் சுந்தர் பிச்சை. பத்து வயதுவரை வீட்டில் தொலைபேசி கிடையாது. மேற்படிப்புக்கு அமெரிக்கா சென்ற பிறகே கணினியைத் தொடர்ந்து பயன்படுத்த முடிந்தது. 2020-இல் நிகழ்த்திய பட்டமளிப்பு உரையில் அவரே இதைச் சொன்னார். 2004-இல் கூகுளில் சேர்ந்து 2015-இல் அதன் தலைமைச் செயல் அலுவலரானார்.

இல்லாமையே அவரை ஆளாக்கியது என்று மெச்ச எனக்கு மனம் வரவில்லை. (இல்லாதவனிடம் சொல்லத்தகாத ஆறுதல் அது.) தந்தை மின்பொறியாளர், தாய் சுருக்கெழுத்தர், கணினி இல்லாத அந்த வீட்டில் கல்வி இருந்தது.

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் குடும்பங்களுக்கு அந்தத் துணையும் அரிது. அங்கே விரல்கள் விசைப்பலகையைப் பழகியது தட்டச்சுப் பயிலகங்களில்தான். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம்தான் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொந்தக் கணினியைத் தந்தது. அதுவும் பிளஸ் டூ வகுப்பில், பதினேழு வயதில். முதலில் பெற்றவர்கள் இன்று முப்பதைக் கடந்துவிட்டார்கள். நான் படிக்க விரும்புவது அவர்களுடைய வரலாற்றை.