கிஷ்டிம்: வரைபடத்தில் இல்லாத ஊரில் நடந்த அணு விபத்து

அணு விபத்து என்றதும் நம் நினைவுக்கு வருபவை செர்னோபிலும் ஃபுகுஷிமாவும்தான். சர்வதேச அளவுகோலில் அவை 7ஆம் நிலை. அதற்கு அடுத்த 6ஆம் நிலையில் உள்ள ஒரே விபத்து, 1957 செப்டம்பர் 29 அன்று சோவியத் யூனியனின் தெற்கு யூரல் பகுதியில் நடந்தது. பாதிக்கப்பட்டவர்களில் கணிசமானோர் தாத்தார், பஷ்கீர் இன முஸ்லிம்கள். ஆனாலும் நம்மில் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை.

நடந்தது என்ன?

அணுகுண்டுக்கான புளூட்டோனியம் தயாரிக்க 1948இல் 'மாயக்' ஆலை இயங்கத் தொடங்கியது. அதன் ஊழியர்கள் வாழ்ந்த நகரம் வரைபடத்தில் இடம்பெறாத ரகசிய நகரம். எனவே பக்கத்து ஊரான கிஷ்டிமின் பெயரே விபத்துக்கு நிலைத்துவிட்டது.

கதிரியக்கக் கழிவு நிரம்பிய நிலத்தடித் தொட்டி ஒன்றின் குளிரூட்டும் அமைப்பு பழுதானது. உள்ளே வெப்பம் ஏறி, கழிவு வறண்டு, தொட்டி வெடித்தது. சுமார் 2 கோடி கியூரி கதிரியக்கம் வெளியேறியது. பெரும்பகுதி ஆலையைச் சுற்றியே விழுந்தது. மீதியைக் காற்று வடகிழக்கே 300 கிலோமீட்டர் வரை கொண்டு சென்றது.

வானில் தெரிந்த வெளிச்சத்தைத் துருவ ஒளி என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. மிக அருகில் இருந்த கிராமங்களே ஒரு வாரத்துக்கும் மேலான பிறகுதான் காலி செய்யப்பட்டன. அடுத்தடுத்து 10,000க்கும் அதிகமானோர் இடம்பெயர்க்கப்பட்டனர். காரணம் அவர்களிடம் சொல்லப்படவில்லை.

விஷமான ஆறு

வெடிப்புக்கு முன்பே துயரம் தொடங்கிவிட்டது. 1949 முதல் 1956 வரை அந்த ஆலை தன் திரவக் கழிவைத் தேச்சா ஆற்றில் விட்டது. கரையோர மக்கள் குடித்ததும், கால்நடைகளுக்குக் காட்டியதும் அந்தத் தண்ணீரைத்தான். கழிவில் இருந்த ஸ்ட்ரான்சியம்-90 கால்சியத்தைப் போன்றது. பால் வழியாகவும் உடலுக்குள் சென்று எலும்பில் தங்கிவிடும். அதன் அளவு பாதியாகவே சுமார் 29 ஆண்டுகள் ஆகும்.

கரையோர மக்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தபோது, ரத்தப் புற்றுநோயும் பிற புற்றுநோய்களும் கதிர்வீச்சின் அளவுக்கேற்ப கூடியிருப்பது தெரியவந்தது. பல கிராமங்கள் காலி செய்யப்பட்டபோதும், தாத்தார்களும் பஷ்கீர்களும் வாழ்ந்த முஸ்ல்யுமோவோ பல பத்தாண்டுகள் ஆற்றங்கரையிலேயே விடப்பட்டது.

32 ஆண்டு மௌனம்

1976இல் சோவியத் விஞ்ஞானி ஜோரஸ் மெத்வதேவ் பிரிட்டனில் இருந்தபடி இதை உலகுக்குச் சொன்னார். பலர் நம்பவில்லை. 1989இல்தான் சோவியத் அரசு ஒப்புக்கொண்டது. இழப்பீட்டுச் சட்டம் 1993இல் வந்தது. அதற்குள் ஒரு தலைமுறையே கடந்துவிட்டது.

நமக்கான படிப்பினை

பயிர்களையும் சந்ததியையும் அழிப்பவனைப் பற்றி அல்குர்ஆன் (2:205) எச்சரிக்கிறது. அல்லாஹ் குழப்பத்தை விரும்புவதில்லை என்கிறது. மக்கள் நீர் எடுக்கும் இடத்தை அசுத்தப்படுத்துவதையே நபி (ஸல்) அவர்கள் சாபத்துக்குரிய செயல் என்று தடுத்தார்கள். அப்படியிருக்க, ஓர் ஆற்றையே நஞ்சாக்கி, அதைக் குடிப்பவர்களிடம் மறைப்பது எத்தகைய அநீதி! ஆட்சிப் பொறுப்பு ஓர் அமானிதம். ஆபத்தை அறிந்தவர் அதை மக்களிடம் சொல்வதும் அந்த அமானிதத்தில் அடங்கும்.

இந்தச் செய்தியை நம் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். மறைந்தவர்களுக்கு அல்லாஹ் மஃபிரத்தையும், நோயுற்றோருக்கு ஷிஃபாவையும் அருள்வானாக! ஆமீன்.