திண்ணை எங்கே போச்சு? தாம்பரம் பக்கத்து வாசல்களின் கதை

தாத்தா கட்டின வீடு பேரன் கைக்கு வருது. பேரனுக்குக் கல்யாணம் ஆகி, நடை பழகுற குழந்தை ஒண்ணு இருக்கு. இடிச்சு ஃப்ளாட் போட மனசில்லை, கொஞ்சம் மாத்திக்கலாம்னு இறங்கினால் முதல் கை விழுறது வாசலில்தான். பைக் ஏறணும், குழந்தை ரோட்டுக்கு ஓடக் கூடாது, செருப்புக்கு இடம் வேணும், மழைத் தண்ணி உள்ளே வரக் கூடாது. "அப்படியே பழைய மாதிரி ஒரு திண்ணையும் போட்டுடுங்க"ன்னு கடைசியில் கொத்தனாரிடம் சொல்வாங்க.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் இப்போ நிறைய வீடுகளில் நடக்கிற பேச்சு இது. ஆனா அந்தத் திண்ணை என்ன வேலை செஞ்சது, ஏன் காணாமல் போச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டுக் கட்டினால்தான் அதனால் பிரயோசனம். இல்லைன்னா அது சும்மா அலங்காரம்.

படிப்படியாக உள்ளே

பழைய தெரு வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி, தெருவைத் தொட்டுக்கொண்டு நின்றவை. தெருவிலிருந்து உள்ளே போவது ஒரே தாவலில் நடக்காது. முதலில் சாணி தெளித்துக் கோலம் போட்ட வாசல். அடுத்து படி, படிக்கு இரண்டு பக்கமும் திண்ணை. அதற்கு மேலே தூண் தாங்கிய ஓட்டுச் சாய்ப்பு. பிறகு நிலைவாசல், அதன் பக்கத்தில் விளக்கு வைக்க மாடக்குழி. நிலையைத் தாண்டினால் ரேழி என்கிற குறுகிய நடை. அதற்கப்புறம்தான் முற்றமும் கூடமும்.

வருகிறவர் யார் என்பதைப் பொறுத்து அவர் நிற்கும் இடம் மாறும். வழிப்போக்கர் திண்ணையில் படுத்து எழுந்து போவார். கணக்கு வழக்கு பேச வந்தவர் திண்ணையிலேயே பேசி முடிப்பார். உறவுக்காரர் நேரே கூடத்துக்குப் போவார். கதவைச் சாத்தாமலே எல்லை போட்ட ஏற்பாடு இது. கோவளம் பக்கத்தில் முட்டுக்காட்டில் 1996ல் திறந்த தட்சிணசித்ராவுக்குப் போனால், வேறு ஊர்களிலிருந்து பிரித்துக் கொண்டு வந்து மறுபடி நிறுத்திய வீடுகளில் இதை நடந்தே பார்க்கலாம். செட்டிநாட்டு வணிகர் வீட்டுத் திண்ணையையும் நெசவாளர் வீட்டு முகப்பையும் ஒரே நாளில் பார்த்தால், அளவும் பணமும் எவ்வளவு மாறினாலும் இந்த வரிசை பெரிசாக மாறவில்லை என்பது புரியும்.

பள்ளிக்கூடமான திண்ணை

திண்ணைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வாத்தியார் உட்கார்ந்தால் அதுதான் பள்ளிக்கூடம். மணலில் விரலால் எழுத்து, பிறகு ஓலை. பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுப்பான், அவனுக்குப் பேர் சட்டாம்பிள்ளை. எழும்பூரில் அனாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்தெடுத்தார். 1797ல் லண்டனில் அவர் எழுதி வெளியிட்ட பிறகு, இங்கிலாந்துப் பள்ளிகளில் இது 'மதராஸ் முறை' என்றே பரவியது.

1822ல் கவர்னர் தாமஸ் மன்றோ, மதராஸ் ராஜதானி முழுக்கப் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826ல் வந்த தொகை: 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். எல்லாமே திண்ணையில் நடந்தவை இல்லை என்றாலும், ஊருக்கு ஊர் சின்னச் சின்னதாகப் படிப்பு இருந்தது என்பதற்கு இது சாட்சி.

இதே கணக்கில் இன்னொரு எண்ணும் இருக்கு. அந்த 1,88,650 பேரில் பெண் பிள்ளைகள் 4,540 பேர்தான். நூற்றுக்கு மூணு பேர்கூட இல்லை. இதோடு சாதியையும் சேர்த்துக்கணும். எந்தத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவிலேயே நிற்கணும், யார் அந்தத் தெருவுக்குள்ளேயே வரக் கூடாது என்பதெல்லாம் எழுதாமலே அமலில் இருந்த சட்டம். "அந்தக் காலத்துல திண்ணை எல்லாருக்கும் பொது"ன்னு பெருமூச்சு விடுறப்போ இதை மறந்துடக் கூடாது. சிலருக்குத்தான் அது ஓய்வெடுக்கிற இடம். மத்தவங்களுக்கு அதுதான் தடுப்புச் சுவர்.

ரயில் வந்தது, வீடு பின்னால் போனது

திண்ணை மறைந்ததற்கு 'மனுஷங்க மாறிட்டாங்க' என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் காரணம். மனையின் வரைபடம் மாறினதையும் பார்க்கணும்.

1920ல் மதராஸ் நகரமைப்புச் சட்டம் வந்தது. நெருக்கமான தெருக்கள் நோயை வளர்க்கும், வீட்டைச் சுற்றிக் காற்று வேணும் என்ற எண்ணம் அப்போது உலகம் முழுக்க இருந்தது. தி.நகர் மாதிரி புதுக் குடியிருப்புகளில் வீடு மனையின் நடுவில் தனியாக நின்றது. 1931ல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. 1937ல் சென்னை கிறித்தவக் கல்லூரி நகரத்தை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது. பட்டணத்தில் வேலை, தாம்பரத்தில் வீடு என்பது சாத்தியமாச்சு. அடுத்தடுத்த பத்தாண்டுகளில் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் வயலும் தோப்பும் மனைகளாகப் பிரிந்தன. 2,400 சதுர அடி ஒரு கிரவுண்டு, முன்னால் காலியிடம், சுற்றிலும் காம்பவுண்டு சுவர், கேட்.

இங்கேதான் திண்ணை தோத்துப் போச்சு. வீடு தெருவை விட்டுப் பத்தடி பின்னால் போய், நடுவில் சுவரும் வந்துட்டா, திண்ணை தெருவுக்கு எட்டாது. வழிப்போக்கர் உட்கார முடியாது, உட்கார்ந்த பாட்டிக்குத் தெரு தெரியாது. அந்த இடத்துக்கு வராண்டா வந்தது. திருட்டுப் பயத்தில் வராண்டாவுக்குக் கிரில் வந்தது. பிறகு கார் வந்தது, முன்பக்கக் காலியிடம் கார் நிறுத்துமிடமாச்சு. கோலம் கேட்டுக்கு வெளியே, ரோட்டு ஓரத்துக்குப் போச்சு.

மூணு படி ஏறின வீடு, மூணு படி இறங்குது

தென்சென்னைப் புறநகர் வாசலுக்கு என்றே ஒரு சிக்கல் உண்டு. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்துகொண்டே போனது. மூணு படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போ படி இறங்கிப் போகிறார்கள். 2021ல் தலைமைச் செயலாளராக இருந்த வெ.இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டிவிட்டுத்தான் புதுச் சாலை போடணும்னு உத்தரவிட்டார். ஆனா அதுக்கு முன்னாடியே உயர்ந்த ரோடு உயர்ந்ததுதான்.

2015 டிசம்பர் 1 காலையிலிருந்து 2 காலை வரை தாம்பரத்தில் பெய்த மழை 49 செ.மீ. அடையாறு நிரம்பி முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளில் தண்ணீர் புகுந்து, மக்களைப் படகில் மீட்டார்கள். அதன் பிறகு இந்தப் பக்கத்தில் வாசல் என்றாலே முதல் கேள்வி, "எவ்வளவு உயரம்?" ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

உயரம் கூடினால் இன்னொரு பக்கம் இடிக்கும். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஒரு அடி ஏற 12 அடி நீளம் வேணும் என்பது கட்டடக் கணக்கு. தரை ரோட்டை விட 2 அடி உயரம் என்றால் 24 அடி, நடுவில் நின்று திரும்ப இடம் தனி. அரை கிரவுண்டு மனையில் இது சுவரை ஒட்டி வளைந்துதான் போகணும். பலர் நீளத்தைக் குறைத்துச் செங்குத்தாகப் போட்டு, ரோட்டு வடிகால் மேலேயே சிமென்ட் பூசிவிடுகிறார்கள். தண்ணீர் போகும் வழி அடைபட்டு, அடுத்த மழைக்குத் தெருவே நிற்கும்.

இப்போது என்ன செய்யலாம்?

பழைய வாசல் வரிசையின் நியாயத்தை எடுத்துக்கொண்டால் இளம் குடும்பத்துக்கு உதவும். நிலைக்கதவு நல்ல மரமாக, கரையான் அரிக்காமல் இருந்தால் அதை விடாதீங்க. நிலைக்கு முன்னால் ஒரு தாழ்வாரம் இருந்தால் செருப்பு, குடை, குழந்தையின் தள்ளுவண்டி அங்கேயே நின்றுவிடும். அது பழைய ரேழி செய்த வேலைதான். தாழ்வாரத்துக்குக் குழந்தை கைக்கு எட்டாத தாழ்ப்பாளோடு ஒரு சின்னக் கேட் போதும். கிரில் கம்பிகளின் இடைவெளி 10 செ.மீ.க்கு மேல் வேண்டாம், தலை மாட்டும். சாய்தளம் உங்கள் மனைக்குள்ளேயே முடியட்டும், வடிகால் திறந்திருக்கட்டும்.

திண்ணை கட்டுவதென்றால் வராண்டாவுக்குள் கட்டாதீங்க. காம்பவுண்டு சுவரில் கேட்டை ஒட்டி நாலடி நீளத்துக்கு உள்வாங்கி, தெருவைப் பார்த்தபடி ஒரு மேடை. மேலே சின்னச் சாய்ப்பு. கட்டுவது உங்கள் இடத்தில், உட்காருவது யார் வேணும்னாலும்.

பகல் ஒரு மணி வெயிலில் பார்சல் கொண்டு வரும் பையன், குப்பை வாங்க வரும் அம்மா, பஸ்ஸுக்கு நடக்கும்போது மூச்சு வாங்கும் பக்கத்துத் தெருத் தாத்தா, இவங்கதான் இன்றைய வழிப்போக்கர்கள். பழைய திண்ணை இவர்களில் பலரை உட்கார விட்டிருக்காது. புதுசா கட்டுறப்போ அந்த ஒண்ணை மட்டுமாவது மாத்திக் கட்டலாம். ஒரு பானைத் தண்ணியும் வச்சிட்டா இன்னும் நல்லது.