பாதிரியாரின் வாக்கு

தஞ்சாவூருக்குப் போகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு நேரே தலையாட்டிப் பொம்மை வாங்கப் போய்விடுகிறார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் செய்தேன். ஒரு நாள் நல்ல மழை. ஒதுங்க இடம் தேடிச் சிவகங்கைக் குளத்துப் பக்கம் ஓடியபோதுதான், அங்கே பழைய கிறிஸ்தவ ஆலயம் ஒன்று இருப்பது கண்ணில் பட்டது. காவற்காரர் பெரிய மனசு பண்ணிக் கதவைத் திறந்து விட்டார்.

உள்ளே சுவரில் வெள்ளைச் சலவைக்கல்லில் ஒரு சிற்பம். கிழவர் ஒருவர் படுக்கையில் சாகக் கிடக்கிறார். தலைப்பாகை கட்டிய அரசர் ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அருகில் இன்னொரு பாதிரியார். துக்கத்தோடு சில பையன்கள். செதுக்கியவர் லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன். செய்யச் சொன்னவர் சரபோஜி மகாராஜா. 1803-ல் தம் போன்ஸ்லே வம்சத்தின் சரித்திரத்தைப் பெரிய கோயில் சுவரில் மராத்தியில் வெட்டச் செய்தாரே, அவரேதான். மதம் மாறாத ராஜா, கூப்பிடு தூரத்தில், ஒரு பாதிரியாருக்குச் சலவைக்கல் வைத்திருக்கிறார்! கதை எழுதுகிறவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? மழை விட்ட பிறகும் நான் நகரவில்லை.

அந்தக் கிழவர் கிறிஸ்தியான் பிரெடரிக் ஸ்வார்ட்ஸ். 1726-ல் பிரஷ்யா தேசத்தில் சோனன்பர்க் என்ற ஊரில் பிறந்தவர். ஹாலே நகரில் படிக்கும்போதே கொஞ்சம் தமிழ் கற்று, 1750-ல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். பிறகு ஊர் திரும்பவே இல்லை, கலியாணமும் செய்துகொள்ளவில்லை. திருச்சியில் அவர் இருந்த அறை, அவரும் அவர் கட்டிலும் கொள்ளும் அளவுதானாம். சாப்பாடு சோறும் காய்கறியும். தமிழ் தவிர மராத்தி, பாரசீகம், இந்துஸ்தானி, போர்த்துக்கீசு என்று வேண்டிய பாஷைகளையெல்லாம் கற்றார். பாஷைக்கும் மேலாக அவரிடம் இருந்த சொத்து, வாக்கு.

1779-ல் சென்னை கவர்னர் அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஹைதர் அலியிடம் தூது அனுப்பினார். கும்பெனி மனிதர்கள் யாரையும் நம்பாத ஹைதர், இந்தப் பாதிரி பொய் சொல்ல மாட்டார் என்று அவரை மட்டும் வரவழைத்துப் பேசினார். வழிச் செலவுக்கென்று ஹைதர் கொடுத்த முந்நூறு ரூபாயைப் பாதிரியார் சர்க்காரிடமே ஒப்படைத்து, அதை ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குக் கேட்டார். ஆனால் அவர் கொண்டுபோன சமாதானம் நிலைக்கவில்லை. மறு வருஷமே ஹைதரின் குதிரைப்படை கர்நாடகத்தில் புகுந்தது. கும்பெனியின் பேச்சைச் சுமந்து போனவர் என்ற குறை அவர்மேல் எனக்கு உண்டு. ஹைதருக்கு இல்லை போலும்! பாதிரியாருக்கு எந்தத் தீங்கும் செய்யக்கூடாதென்று தம் படைக்கு உத்தரவிட்டிருந்தார்.

அந்த யுத்தத்தின்போது தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். வெளியே கிராமங்களில் நெல் கிடந்தது. கொண்டுவர மாடு இல்லை. முன்பு மாடு கொடுத்தவர்களுக்குக் கூலி வந்து சேரவில்லை. இனி யார் கொடுப்பார்கள்? ராஜா சொல்லியும் நடக்கவில்லை. கும்பெனி சொல்லியும் நடக்கவில்லை. ஸ்வார்ட்ஸ், கூலியை என் கையாலேயே தருகிறேன் என்று கடிதம் எழுதினார். இரண்டொரு நாளில் ஆயிரத்துக்கு மேல் மாடுகள் வந்தன. எண்பதினாயிரம் கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. சொன்னபடி கூலியும் கொடுத்தார்.

இத்தனை பெரிய மனிதரும் ஒரு தவறு செய்தார். 1787-ல் துளஜா மகாராஜா சாகும் தறுவாயில், தாம் சுவீகாரம் எடுத்த பத்து வயதுப் பையன் சரபோஜியை அவர் கையில் ஒப்படைக்கப் பார்த்தார். பாதிரியார் தயங்கினார். நானோ சந்நியாசி மாதிரி. அரண்மனைப் பிள்ளையை நான் எப்படிக் காப்பாற்றுவேன்? தம்பி அமர்சிங் இருக்கிறாரே, அவரிடம் விடுங்கள் என்ற பாங்கில் யோசனை சொன்னார். நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் பண்டிதர்கள் சுவீகாரம் செல்லாது என்றார்கள். அமர்சிங்கே சிங்காதனம் ஏறினார். பையனை வெளிச்சம் புகாத அறையில் அடைத்து வைத்தார், படிப்பும் கிடையாது. ஒரு நல்லவரின் தயக்கத்துக்கு அந்தக் குழந்தை கொடுத்த விலை அது.

பிறகு ஸ்வார்ட்ஸ் சும்மா இருக்கவில்லை. சென்னைக்கு எழுதிக்கொண்டே இருந்தார். பையனைப் போய்ப் பார்த்தார்; காவல் வைக்கச் செய்தார்; படிப்புக்கு ஏற்பாடு செய்தார். 1793-ல் அவனைச் சென்னைக்குப் பத்திரமாக அழைத்துப் போய், கெரிக் என்ற பாதிரியாரின் மேற்பார்வையில் படிக்க வைத்தார். பண்டிதர்களின் தீர்ப்பும் மறு விசாரணைக்கு வந்தது. பையன் கிறிஸ்தவனாக வேண்டும் என்ற ஆசை அவருக்கு இல்லாமலா இருந்திருக்கும்? அதற்காகத்தானே கடல் கடந்து வந்தார்! பையன் ஆகவில்லை. அதற்காக அவர் கையை விடவும் இல்லை. அவரிடம் வளர்ந்த இன்னொரு பிள்ளை, திருநெல்வேலிச் சீமையிலிருந்து அழைத்து வந்த வேதநாயகம், பெத்லகேம் குறவஞ்சி பாடிய கிறிஸ்தவக் கவிஞரானார்.

1798 பிப்ரவரி 13-ந் தேதி ஸ்வார்ட்ஸ் காலமானார். நோயில் கிடந்தபோதே வந்து பார்த்திருந்த சரபோஜி, அடக்கத்துக்கும் வந்தார். முகத்தைக் கடைசியாகப் பார்த்து அழுது, உடலின்மேல் பொன் சரிகைத் துணியைப் போர்த்தினார். கல்லறைக்கு ஆங்கிலத்தில் தாமே செய்யுள் எழுதினார். அவர் சிங்காதனம் ஏறியது அதே வருஷம் ஜூன் மாதம். நாலு மாதம் முந்தியிருந்தால் பாதிரியார் பார்த்திருப்பார். அடுத்த வருஷமே கும்பெனி ஆட்சியை வாங்கிக்கொண்டு, கோட்டையை மட்டும் விட்டு வைத்தது. சரபோஜி அந்தக் கோட்டைக்குள் சரஸ்வதி மகாலை வளர்த்தார். 1805-ல் அச்சுக்கூடம் வைத்தார். கண் நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சையைப் படத்தோடு குறித்து வைக்கச் செய்தார். வாங்கிய புத்தகங்களில் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடுவார். இருட்டறையில் கிடந்த பையனின் கையெழுத்து அது.

"சார், பூட்ட வேண்டும்" என்றார் காவற்காரர். திரும்பி ஒருமுறை பார்த்தேன். பிளாக்ஸ்மன் தஞ்சாவூருக்கு வந்தவரல்ல. கிழவரின் கையை அரசர் பிடித்திருக்கும் இடத்தை மட்டும், பக்கத்தில் நின்று பார்த்தவரைப் போலச் செதுக்கியிருக்கிறார்.