ஜார் இரண்டாம் நிக்கலஸின் வீழ்ச்சியும் சென்னையும்

முதல் உலகப் போரின் நடுவே, 1917 மார்ச் 15 அன்று ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கலஸ் முடிதுறந்தார். 1613 முதல் ஆண்டுவந்த ரொமானோவ் வம்சம் அத்துடன் முடிவுக்கு வந்தது. புதுச்சேரியில் அடைக்கலமாயிருந்த பாரதி இதை ‘புதிய ருஷியா’ என்று பாடினார். இன்று பெசன்ட் நகருக்குப் பெயராக நிற்கும் அன்னி பெசன்ட், இந்தியத் தன்னாட்சிக்கான வாதங்களில் ஒன்றாக இதை எடுத்துவைத்தார்.

நிக்கலஸ் சென்னையைக் கண்டவர். பட்டத்து இளவரசராகக் கீழை நாடுகளைச் சுற்ற வந்த அவர், 1890 இறுதியில் பம்பாயில் கரையிறங்கி, வடக்கே பல ஊர்களைப் பார்த்தபின் சென்னை, மதுரை வழியாக இலங்கைக்குப் போனார். உடன்வந்த இளவரசர் உக்தோம்ஸ்கி அந்தப் பயணத்தைப் பெரிய நூலாக எழுதினார். சென்னைக்கு ரஷ்யாவோடு இன்னொரு தொடர்பும் உண்டு: 1882 முதல் அடையாற்றில் இயங்கிவரும் பிரம்மஞான சபையை நிறுவியோரில் ஒருவரான பிளாவட்ஸ்கி ரஷ்யப் பேரரசில் பிறந்தவர். அவர் ஜாரின் உளவாளி என்ற சந்தேகம் பிரிட்டிஷார் நடுவே உலவியது.

1894இல் அரியணை ஏறிய நிக்கலஸ், ஜப்பானிடம் தோற்று, 1905 புரட்சியில் ஆட்டம் கண்டு, டூமா என்ற மன்றத்தை அரைமனதோடு அனுமதித்துத் தப்பியவர். அவருடைய பெரும்பிழை 1915 செப்டம்பரில் நேர்ந்தது. போலந்து முழுதும் கைவிட்டுப் போன நிலையில், அமைச்சர்கள் தடுத்தும் கேளாமல் படைத்தலைமையைத் தாமே ஏற்று மொகிலேவ் பாசறைக்குப் போய்விட்டார். அதன்பின் ஒவ்வொரு தோல்விக்கும் அரசரே பொறுப்பாளி ஆனார். தலைநகரிலோ அரசி அலெக்சாண்ட்ராவும் அவர் நம்பிய சாமியார் ரஸ்புதினும் சொன்னபடி அமைச்சர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ரஸ்புதின் கொலையுண்ட பிறகும் நம்பிக்கை திரும்பவில்லை.

1917 மார்ச் 8, உலக மகளிர் நாள். ரொட்டிக்காக வரிசையில் நின்று சலித்த தலைநகர் பெத்ரோகிராத்தின் பெண்கள், நெசவாலைத் தொழிலாளிகளோடு தெருவில் இறங்கினார்கள். நான்கே நாளில், கூட்டத்தைச் சுட அனுப்பிய படைப்பிரிவுகள் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டன. குடும்பத்திடம் திரும்பப் புறப்பட்ட ஜாரின் ரயில், பாதை புரட்சிக்காரர் கையில் இருந்ததால் பிஸ்கோவுக்குத் திரும்பியது. அங்கே அவரை வீழ்த்தியது துப்பாக்கி அல்ல, தந்தி. போர்முனைத் தளபதிகள் ஒவ்வொருவராக, பதவி விலகுவதே நலம் என்று செய்தி அனுப்பினார்கள். ரயில் பெட்டியிலேயே பென்சிலால் கையெழுத்திட்டார் நிக்கலஸ். நோயாளி மகனை விட்டுவிட்டு அவர் முடியை அளித்த தம்பி மிகயீலும் மறுநாளே மறுத்துவிட்டார். நிக்கலஸ் 1918 ஜூலை 17 அன்று எகாதெரின்பர்கில் குடும்பத்தோடு சுட்டுக் கொல்லப்பட்டார்.

பாரதிக்கு ருஷிய விவகாரம் புதிதல்ல. ‘இந்தியா’ பத்திரிகை நடத்திய 1906 காலத்திலேயே அந்நாட்டுக் கிளர்ச்சிகளைப் பற்றி எழுதியவர். பாடலில் ஜாரை இரணியனாகவும், வீழ்ச்சியைக் காளியின் செயலாகவும் கண்டார். புராணம் தெரிந்த எந்தத் தமிழருக்கும் அந்த ஒரு பெயரிலேயே பெத்ரோகிராத் விளங்கியிருக்கும்.

சென்னையும் போரின் வாடையை அறிந்த ஊர்தான். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் குண்டு வீசியதை மக்கள் மறக்கவில்லை. ஜார் வீழ்ந்த மூன்றே மாதத்தில், 1917 ஜூனில், ஆளுநர் பென்ட்லண்ட் அரசு பெசன்ட்டையும் அவருடைய தோழர்களான அருண்டேலையும் வாடியாவையும் காவலில் வைக்க உத்தரவிட்டது. பெசன்ட் உதகமண்டலத்தில் இருந்தபடியே தன்னாட்சிக் கொடியை ஏற்றினார். மயிலாப்பூர் வாசியான எஸ். சுப்பிரமணிய ஐயர் அமெரிக்க அதிபர் வில்சனுக்கு முறையிட்டுக் கடிதம் எழுதினார். கண்டனம் நாடெங்கும் எழுந்தது. செப்டம்பரில் விடுதலையான பெசன்ட், டிசம்பரில் கல்கத்தா காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். இமயத்துக்கு அப்பால் இனி ஜாரும் சீனச் சக்கரவர்த்தியும் இல்லை, சுதந்திர நாடுகளே இருக்கின்றன என்று அவர் அங்கே பேசினார். முடியாட்சிகள் சரிந்த ஆசியாவில் இந்தியா மட்டும் ஏன் அடிமையாக இருக்க வேண்டும் என்ற அந்த வாதம், அவர் உரையின் வலுவான பகுதிகளில் ஒன்று. அப்போது ருஷியாவில் லெனின் ஆட்சியே வந்திருந்தது.

சென்னைத் தொழிலாளர்களும் அமைப்பாகத் திரண்டார்கள். 1918 ஏப்ரலில் வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, அதில் திரு.வி.க.வும் முன்னின்றார். 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடி, தொழிலாளர் விவசாயிகள் கட்சியைத் தொடங்கினார்.