விமானத் தரையிறக்க வரிசை: நிமிடமும் மைலும்

தரையிறங்க வரும் விமானங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடுபாதைக்குக் கொண்டுவருவது வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் பணி. முதலில் வந்தவருக்கு முதலிடம் என்பது பொது விதி. ரேஷன் கடையிலும் இதே விதிதான். ஆனால் அங்கே பின்னால் வருபவர் நிற்கலாம். விமானம் வானில் நிற்க முடியாது. முன்னால் செல்வதும் பின்னால் வருவதும் வேறு வேறு வேகத்தில் பறந்தால் வரிசை சிக்கலாகிவிடும்.

இச்சிக்கல் 1948-இல் பெர்லினில் வெளிப்படையாகத் தெரிந்தது. சோவியத் முற்றுகைக்குள் சிக்கிய மேற்கு பெர்லினுக்கு உணவும் நிலக்கரியும் விமானங்களில் சென்றன. ஆகஸ்ட் 13 அன்று மேகம் தாழ்ந்து மழை கொட்டியது. டெம்பிள்ஹாஃப் விமான நிலையத்தில் ஒரு விமானம் விழுந்து எரிந்தது. பின்னால் வந்தவை நகரத்தின் மேல் அடுக்கடுக்காக வட்டமிட்டன. பணிக்குப் பொறுப்பேற்றிருந்த தளபதி வில்லியம் டன்னரும் அக்கூட்டத்தில் ஒரு விமானத்தில் மாட்டிக்கொண்டார். அதன்பின் அவர் வகுத்த விதி கடுமையானது: மூன்று நிமிடத்துக்கு ஒரு விமானம், இறங்க ஒரே ஒரு வாய்ப்பு, தவறினால் சரக்கோடு திரும்பிவிட வேண்டும். வேகம் குறைந்த, குறைவாகச் சுமக்கும் சி-47 விமானங்களை அமெரிக்கர்கள் படிப்படியாக விலக்கி, சி-54 வகையை முதன்மையாக்கினர். வரிசை சீரானது.

பயணிகள் விமானத் துறையில் இப்படி ஒரே வகையை வைத்துக்கொள்ள வழியில்லை. 1953-இல் டர்போப்ராப் வகையான வைகவுண்ட் சேவைக்கு வந்தது. ஜெட் போன்ற எஞ்சினே அதில் புரொப்பெல்லரைச் சுழற்றும். 1958-இல் போயிங் 707 ஜெட் வந்தது. இந்தியன் ஏர்லைன்சிலும் 1957-இல் வைகவுண்ட், 1964-இல் காரவெல் ஜெட் எனப் பறக்கத் தொடங்கின. இதற்குள் ரேடார் பரவி, இடைவெளியை நிமிடத்துக்குப் பதில் கடல் மைலில் அளக்கும் வழக்கம் வந்துவிட்டது.

இங்கே எட்டாம் வகுப்புக் கணக்கு ஒன்று உதவும். ஓடுபாதைக்கு 10 கடல் மைல் தொலைவில் ஒரு டர்போப்ராப் 120 நாட் வேகத்தில் வருகிறது. இறங்க 5 நிமிடம் ஆகும். பின்னால் வரும் ஜெட்டின் வேகம் 140 நாட். அந்த 5 நிமிடத்தில் அது ஏறக்குறைய 11.7 மைல் கடந்துவிடும். முன்னது தரை தொடும்போது 3 மைல் இடைவெளி மிஞ்ச வேண்டுமானால், தொடக்கத்திலேயே 4.7 மைல் விட்டிருக்க வேண்டும். வரிசை மாறி ஜெட் முன்னால் சென்றால் இடைவெளி தானே விரியும். ஓடுபாதை வீணாகக் காத்திருக்கும்.

இடைவெளி குறைந்தால் வேறோர் ஆபத்தும் உண்டு. பறக்கும் விமானத்தின் இறக்கை நுனிகளிலிருந்து காற்றுச் சுழல்கள் கிளம்பி மெல்லத் தாழ்ந்து செல்லும். எடை கூடக்கூட அவற்றின் வலிமையும் கூடும், கண்ணுக்குத் தெரியாது. 1972 மே 30 அன்று டெக்சஸின் ஃபோர்ட் வொர்த் அருகே, பயிற்சியில் இருந்த டிசி-9 ஜெட் ஒன்று, பெரிய டிசி-10 விமானத்துக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவான இடைவெளியில் இறங்க வந்தது. சுழலில் சிக்கிப் பக்கவாட்டில் புரண்டு விழுந்ததில் நால்வரும் இறந்தனர். ஜெட்டுக்கே இந்த நிலை. பெரிய விமானங்களின் பின்னால் விட வேண்டிய இடைவெளி விதிகள் அதன்பின் இறுக்கப்பட்டன. இன்று பன்னாட்டு விதிப்படி 136 டன்னும் அதற்கு மேலும் எடை கொண்டவை கனரக வகை. அவற்றின் பின் வரும் நடுத்தர விமானம் 5 கடல் மைலும், 7 டன் வரையிலான சிறு விமானம் 6 கடல் மைலும் விட வேண்டும்.

ஏடிஆர் 72 டர்போப்ராப், ஏர்பஸ் ஏ320 ஜெட் இரண்டும் நடுத்தர வகையே. ஆகவே அவற்றுக்கிடையே எழுவது வேகச் சிக்கல் மட்டும். டர்போப்ராப்பை மெதுவான வண்டி என்று ஒதுக்குவது சரியல்ல. விசையைக் குறைத்ததும் அதன் புரொப்பெல்லரே காற்றைத் தடுத்து வேகத்தை விரைவில் இறக்கிவிடும். அதனால் 160 நாட் வேகத்தில் ஓடுபாதையை நெருங்கிவந்து கடைசி சில மைல்களில் வேகம் குறைக்க அதனால் முடியும். வழுவழுப்பான உடல் கொண்ட ஜெட் முன்கூட்டியே வேகம் குறைக்கத் தொடங்க வேண்டும். கட்டுப்பாட்டாளர் இவ்வேறுபாட்டைக் கணக்கில் வைத்தே ஒவ்வொருவருக்கும் வேகம் சொல்கிறார்.

மைல் அளவுக்கும் ஒரு குறை உண்டு. எதிர்காற்று பலமாக வீசினால் அதே மைலைக் கடக்க அதிக நேரமாகும். மணிக்கு இறங்கும் விமானங்கள் குறையும். இதற்காக லண்டன் ஹீத்ரோ 2015-இல் இடைவெளியை மீண்டும் நேரத்தால் அளக்கத் தொடங்கியது. டன்னர் கையில் கடிகாரம் இருந்தது. ஹீத்ரோவில் அந்தக் கணக்கைக் கணினி போட்டுக் கட்டுப்பாட்டாளரின் திரையில் காட்டுகிறது.