மழையில்லா எதிரொலிகள்: ரேடார் திரையை வாசிக்கக் கற்ற வரலாறு

வானிலை ரேடார் நுண்ணலைத் துடிப்புகளை வானில் அனுப்பி, எதிலாவது பட்டுத் திரும்புவதைப் பதிவு செய்கிறது. மழைத்துளி, பனித்துகள், ஆலங்கட்டி ஆகியவற்றைத் தேடுவதே அதன் வேலை. ஆனால் துடிப்பு மழையில் மட்டும் படுவதில்லை. பறவை, பூச்சி, மலைமுகடு, கடற்பரப்பு, கலங்கிய காற்று என எல்லாமே எதிரொலி தரும். மேகமே இல்லாத வானில் திரை ஒளிர்ந்தால் அது எதைக் காட்டுகிறது என்ற கேள்வி, ரேடார் பயன்பாட்டுக்கு வந்த நாள் முதலே தொடர்கிறது. அதற்கான விடைகளைத் தேடியதில் பல புதிய ஆய்வுத் துறைகளே பிறந்தன.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் கரையோர ரேடார்களில் கப்பலும் அல்லாத, விமானமும் அல்லாத புள்ளிகள் நகர்ந்தன. இயக்குபவர்கள் இவற்றை ‘ஏஞ்சல்’ என்று அழைத்தார்கள். 1941இல் 10 செ.மீ. அலைநீளக் கருவிகள் வந்தபின் இத்தகைய புள்ளிகள் பெருகின. ராணுவ ஆய்வுக் குழுவில் அப்போது பறவையியலாளர் டேவிட் லாக்கும் பூச்சியியலாளர் ஜார்ஜ் வார்லியும் பணியாற்றினார்கள். புள்ளி தெரியும் திசையில் பார்வையாளர்கள் நேரடியாக நோக்கியபோது அங்கே கடற்பறவைகள் பறப்பது உறுதியானது. ஒரு பறவை வெகு தூரத்திலிருந்து எதிரொலி தரும் என்பதை இயற்பியலாளர்கள் பலர் எளிதில் ஏற்கவில்லை. போர் முடிந்த 1945இல்தான் லாக்கும் வார்லியும் இந்தக் கண்டறிதலை ‘நேச்சர்’ இதழில் வெளியிட முடிந்தது.

அதே ஆண்டுகளில் பம்பாயில் வேறொரு விசித்திரம் தெரிந்தது. அங்கிருந்த 1.5 மீட்டர் அலைநீள ரேடாரில், கோடைக்காலத்தில், அரபிக்கடலுக்கு அப்பால் 1,500 கிலோமீட்டருக்கும் மேல் தொலைவிலுள்ள அரேபியக் கரை தெரிந்தது. பூமியின் வளைவால் மறைந்திருக்க வேண்டிய நிலம் அது. இதற்குக் காரணம் காற்றின் அடுக்கு அமைப்பு. கடலை ஒட்டிய காற்று ஈரமாகவும் குளிர்ந்தும் இருக்க, அதன்மேல் வறண்ட வெப்பக் காற்று பரவினால், அலை மேலே தப்பாமல் கீழ்நோக்கி வளைந்து கடற்பரப்பை ஒட்டியே ஓடுகிறது. இதே காரணத்தால், தரைக்கு அருகே காற்று குளிரும் தெளிந்த இரவுகளில் மலைகளும் கட்டடங்களும் மழைபோல் திரையில் முளைக்கும். அத்தகைய ‘மழை’ மணிக்கணக்கில் நகராமல் நிற்கும்; ரேடாரின் பார்வைக் கோணத்தைச் சற்று உயர்த்தினால் மறைந்துவிடும். இந்த இரு அடையாளங்களையும் வானிலையாளர்கள் இன்றும் முதலில் சரிபார்க்கிறார்கள்.

போருக்குப் பின் ரேடார் வானிலைப் பணிக்கு வந்தபோது, மழைக்குள்ளேயே ஒரு புதிர் இருந்தது. வெப்பநிலை 0° செல்சியஸைக் கடக்கும் உயரத்துக்குச் சற்றுக் கீழே ஒரு பிரகாசமான பட்டை தோன்றியது. மேலிருந்து விழும் பனித்துகள் அங்கே உருகத் தொடங்கி நீர்ப்படலம் போர்த்திக்கொள்கிறது. அதனால் பெரிய நீர்த்துளி போல வலுவாக எதிரொலிக்கிறது. முழுதாக உருகியதும் சிறு துளியாகச் சுருங்கி, வேகமாக விழுந்து, ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதால் எதிரொலி குறைகிறது. இதை அறியாமல் அந்தப் பட்டையைக் கனமழை என்று கொண்டால் மழைக் கணக்கே தவறிப்போகும்.

1950களின் இறுதியில் விரிந்துகொண்டே போகும் வளையங்கள் கவனத்தை ஈர்த்தன. விடியலில் ஒரே இடத்திலிருந்து, குளத்தில் கல் எறிந்தாற்போல், சில நிமிட இடைவெளியில் வளையத்துக்குப் பின் வளையமாக அவை கிளம்பின. மார்க்கோனி நிறுவனத்தின் எரிக் ஈஸ்ட்வுட்டும் குழுவினரும் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் இந்த மையங்களைத் தேடிச் சென்றார்கள். ஒவ்வொன்றும் மைனா குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகள் இரவு தங்கும் தோப்பாக இருந்தது. காலையில் அவை ஒரே நேரத்தில் கிளம்பாமல், அலை அலையாக எல்லாத் திசைகளிலும் இரை தேடிப் புறப்பட்டதே அந்த வளையங்கள். ஈஸ்ட்வுட் 1967இல் ரேடார் பறவையியல் பற்றி ஒரு நூலே எழுதினார்.

தெளிந்த வானில் தெரிந்த மற்ற எதிரொலிகள் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. பூச்சிகள்தான் காரணம் என்றனர் சிலர். ஈரமும் வெப்பமும் சீரற்றுக் கலக்கும் காற்றே என்றனர் மற்றவர். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள வாலப்ஸ் தீவில் 1960களின் நடுவில் இதற்கு விடை கிடைத்தது. அங்கு 3.2, 10.7, 71.5 செ.மீ. அலைநீளங்களில் இயங்கும் மூன்று ரேடார்கள் ஒரே வானத்தை நோக்கின. அலைநீளத்தைவிட மிகச் சிறிய பொருளாக இருந்தால், அலைநீளம் பாதியாகும்போது எதிரொலி 16 மடங்காகும். கலங்கிய காற்றின் எதிரொலியோ ஏறத்தாழ கால் பங்கு மட்டுமே கூடும். ஆகவே மூன்று திரைகளையும் ஒப்பிட்டாலே எது எதுவென்று பிரிக்கலாம். விமானத்திலிருந்து பூச்சிகளைத் தனித்தனியாக விடுவித்து, ஒரே ஒரு பூச்சியின் எதிரொலியையும் அளந்தார்கள். சிதறிய புள்ளிகள் பூச்சிகள், மெல்லிய அடுக்குகள் காற்றின் கலக்கம் என்பது தெளிவானது. இரு தரப்பாரும் ஓரளவு சரியாகவே சொல்லியிருந்தார்கள்.

அதன்பின் வானிலைக்கு இடைஞ்சலாக இருந்தது உயிரியலுக்குத் தரவாக மாறியது. பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டங்கள் பாரசீக வளைகுடாவில் கப்பல் ரேடாரில் தெரிந்ததை ஆய்வாளர் ரெய்னி 1955இலேயே பதிவு செய்திருந்தார். 1968இல் கிளென் ஷேஃபர் நைஜரில் பூச்சிகளுக்கென்றே ரேடாரைப் பயன்படுத்தினார். மெக்சிகோ வளைகுடாவை இரவோடிரவாகக் கடந்து வரும் பறவைகளை ஆய்வாளர் சிட்னி காத்ரோ அமெரிக்க வானிலை ரேடார் பதிவுகளில் தொடர்ந்து ஆராய்ந்தார். 1960களின் பதிவுகளை 1980களின் பதிவுகளுடன் ஒப்பிட்டபோது, பெரும் வலசை நிகழ்ந்த நாட்கள் குறைந்திருந்தது வெளிப்பட்டது.

அமெரிக்க வானிலை ரேடார் வலையமைப்பில் 2013இல் நிறைவடைந்த இரட்டை முனைவாக்கம் இந்த வாசிப்பை எளிதாக்கியது. ரேடார் கிடையாகவும் செங்குத்தாகவும் அதிரும் அலைகளை அனுப்பி, இரு எதிரொலிகளும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று பார்க்கிறது. மழையில் இந்த ஒப்புமை ஏறத்தாழ 1. சிறகும் உடலுமாக ஒழுங்கற்ற வடிவமுள்ள பறவை, பூச்சிகளில் அது வெகுவாகக் குறையும். டொர்னாடோ தூக்கிச் சுழற்றும் இடிபாடுகளும் இதே வகையில் பிடிபடுவதால், இருட்டில் கண்ணுக்குத் தெரியாத சுழல்காற்றையும் உறுதி செய்ய முடிகிறது.

ஆயினும் கருவி மட்டும் போதவில்லை. 2017 அக்டோபரில் டென்வர் அருகே ஏறத்தாழ 110 கி.மீ. அகலத்துக்குப் பரவிய எதிரொலி முதலில் பறவைகள் என்று கருதப்பட்டது. அப்பகுதியில் வண்ணத்துப்பூச்சிகள் பெருகியிருப்பதை மக்கள் தெரிவித்த பிறகே, அது ‘பெயிண்டட் லேடி’ இனத்தின் வலசை என்று திருத்தப்பட்டது. 2019 ஜூனில் தெற்குக் கலிபோர்னியாவில் திரையில் தெரிந்த ‘மழை’ பொறிவண்டுக் கூட்டம் என்று கருதப்பட்டது. திரையில் தெரிவதை அந்த நேரத்து வெப்பநிலை அடுக்கோடும், எதிரொலி நகரும் வேகத்தோடும், களத்தில் இருப்பவர் கண்ணால் கண்டதோடும் பொருத்திப் பார்ப்பதே 1941 முதல் மாறாத முறை. மழை எச்சரிக்கையின் நம்பகத்தன்மை அந்தப் பொறுமையான சரிபார்ப்பில்தான் தங்கியிருக்கிறது.