அகமதாபாத் ஆலைகளும் அறக்கூலியும்

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் இறுதியானது மிகுபொருள் விரும்பாமை. பொருளீட்டலை அது விலக்கவில்லை. ஈட்டும் பொருளுக்கு எல்லை வகுக்கச் சொல்கிறது. அவ்வெல்லை எது என்னும் வினா, 1918ஆம் ஆண்டில் அகமதாபாத் நகரின் சமணக் குடும்பம் ஒன்றை இருபுறமாக நிறுத்தியது.

லங்காஷயர் ஆலையினரின் வற்புறுத்தலால், 1896 முதல் இந்திய ஆலைத் துணிமீது 3.5 விழுக்காடு உற்பத்தி வரி விதிக்கப்பட்டிருந்தது. இது அநீதி என்று நம் நாட்டு ஆலையினர் இடையறாது முறையிட்டு வந்தனர். முதல் உலகப் போரில் கப்பல் போக்குவரத்துக் குன்றவே, இங்கிலாந்துத் துணியின் வரத்துக் குறைந்தது. உள்நாட்டு ஆலைகள் பேரிலாபம் கண்டன. அதே போர் தொழிலாளர் வாங்கும் தானியத்தின் விலையையும் ஏற்றியது.

1917இல் பிளேக் நோய் பரவியபோது, தொழிலாளர் ஊரைவிட்டு அகலாதிருக்க ஆலையினர் தனி ஊக்கத்தொகை அளித்தனர். நோய் தணிந்ததும் அதனை நிறுத்த முற்பட்டனர். நெசவாளர் 50 விழுக்காடு கூலி உயர்வு வேண்டினர். ஆலையினர் 20 விழுக்காட்டிற்கு மேல் இசையவில்லை. பிப்ரவரி 22 அன்று ஆலைக் கதவுகள் அடைக்கப்பட்டன.

ஆலையினர் பக்கம் முன்னின்றவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவரோ அவருடைய தமக்கையார் அனசூயா பென். 36 மணிநேரம் தொடர்ந்து உழைத்துச் சோர்ந்து வந்த ஆலைத் தொழிலாளரை ஒருநாள் கண்டதே அவர்தம் வாழ்வைத் திருப்பிற்று. காந்தியடிகள் பம்பாய் ஆலைகளின் கூலியையும் விலைவாசியையும் ஆராய்ந்து, 35 விழுக்காடே நியாயம் எனக் கண்டார். ஆகவே தொழிலாளரும் தம் கோரிக்கையைக் குறைத்துக்கொண்டனர்.

நாட்கள் செல்லச் செல்லப் பசி அவர்தம் உறுதியைக் குலைத்தது. மார்ச் 15 அன்று காந்தியடிகள் உண்ணாநோன்பு மேற்கொண்டார்; 18 அன்று உடன்பாடு ஏற்பட்டது. நடுவர் ஆனந்தசங்கர் துருவ பின்னர் 35 விழுக்காட்டையே உறுதிசெய்தார். தம் நோன்பு ஆலையினரை நெருக்கியது ஒரு குறையே என்று காந்தியடிகள் தம் வரலாற்றில் ஒப்புக்கொண்டமை அவர்தம் வாய்மைக்குச் சான்று.

1920இல் மஜூர் மகாஜன் சங்கம் தோன்றியது. அதன்பின் கூலி வழக்குகளை நடுவர்முன் வைத்துத் தீர்க்கும் முறை அந்நகரில் வேரூன்றியது. உற்பத்தி வரி 1925இல் நிறுத்தப்பட்டது.

அயல்நாட்டுப் போட்டிக்கு விடை தேடவேண்டிய இடம் வரிக்கொள்கையும் தொழில்திறனுமே. தொழிலாளியின் உணவுக்கலம் அன்று. அரசிடம் நியாயம் கேட்பவர், தம்மிடம் நியாயம் கேட்பவர்க்கும் செவிசாய்க்கக் கடமைப்பட்டவர். ஆலையாயினும் நம் கழனியாயினும், பிறர் உழைப்பின் விலையை அறிந்தும் குறைத்தளித்தல் கள்ளாமைக்கு இழுக்கு அன்றோ! அனசூயா பென் தம் இல்லத்தாரிடம் கேட்ட கேள்வியை, இத்திருநாளில் நாமும் நம் இல்லத்தில் கேட்டுக்கொள்வோமாக.